‘வளர்ற பிள்ளைதானே, சாப்பிடட்டும்!’ – டாக்டர் அம்மா பதில்கள்

பாளையங்கோட்டையில் 31 வருடமாகக் குழந்தைகளைப் பார்த்து வருகிறேன். ஆரம்ப காலத்தில் என் மேஜைக்கு எதிரே உட்காரும் அம்மாக்கள் கேட்டது அநேகமாக ஒரே கேள்விதான்: “டாக்டர், பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குறான். சதை பிடிக்க ஒரு டானிக் எழுதிக் கொடுங்க.” இன்றும் அதைக் கேட்கிறார்கள். ஆனால் அதே பெஞ்சில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு அம்மா, குரலைத் தாழ்த்திக்கொண்டு பிள்ளையின் எடை கூடிக்கொண்டே போவதைப் பற்றிக் கேட்கிறார். போன இதழில் பிள்ளைகளின் உடல் பருமனைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றை எடுத்திருக்கிறேன். முதல் பதில் கொஞ்சம் நீளம். எல்லோருக்கும் வேண்டிய விஷயம் அதில் இருக்கிறது.

என் மகனுக்கு 9 வயது. உயரம் 134 செ.மீ., எடை 46 கிலோ. பள்ளியில் எடை பார்த்துவிட்டு டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. “நீ வளர்த்த லட்சணம் இது” என்கிறார் கணவர். மாமியாரோ, “பிள்ளை மேல கண்ணு போட்டுட்டாங்க” என்று திருஷ்டி சுற்றுகிறார். நான் வேலைக்குப் போகிறேன். மாலையில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். கழுத்தில் அழுக்கு சேர்ந்த மாதிரி கறுப்பாக இருக்கிறது, தேய்த்தும் போகவில்லை. தைராய்டாக இருக்குமோ? இது என் தப்பா டாக்டர்?
– ஒரு தாய், கரூர்

கழுத்தைத் தேய்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள் அம்மா. அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

என்னிடம் வந்த ஒரு பையனின் பிடரியில் தோல் உரிந்து, சிவந்து கிடந்தது. கடலை மாவு, எலுமிச்சம்பழத் தோல், கடைசியில் பாத்திரம் தேய்க்கும் நார் வரைக்கும் போட்டுத் தேய்த்திருந்தார்கள். குளிக்கப் போக வேண்டும் என்றாலே அந்தப் பையன் அழுவானாம். அது அழுக்கே இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். அந்த மிகுதி இன்சுலின் தோலின் அணுக்களைத் தூண்டிவிடுவதால் கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோல் தடித்து, கறுத்து, வெல்வெட் துணி மாதிரி ஆகிறது. எடை கட்டுக்குள் வந்தால் அது தானாகவே மங்கும். நாரை எடுத்து வைத்துவிட்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் ஆகியவற்றுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் குறட்டை விடுகிறானா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

தைராய்டு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பத்தில் எட்டு அம்மாக்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். தைராய்டு குறைவால் எடை கூடும் பிள்ளை பெரும்பாலும் உயரத்தில் பின்தங்கிவிடும். உங்கள் மகன் வயதுக்கேற்ற உயரத்தில் இருக்கிறான். அதனால் அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் அதையும் ஒரு முறை பார்த்துவிடலாம்.

அவனுடைய எடையை (கிலோவில்) உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் 25.6 வருகிறது. பி.எம்.ஐ. என்று சொல்வது இதைத்தான். பெரியவர்களுக்கு உள்ள கணக்கைப் பிள்ளைகளுக்குப் போடக் கூடாது. அவர்களுக்கு வயதுக்கு வயது கோடு மாறும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 5 முதல் 18 வயது வரைக்குமான வளர்ச்சி அட்டவணையை 2015-ல் வெளியிட்டது. அந்த அட்டவணைப்படி உங்கள் மகன் பருமன் கோட்டைத் தாண்டித்தான் இருக்கிறான். பள்ளியில் சொன்னது சரி. அவர்கள் மேல் கோபப்பட வேண்டாம்.

இப்போது ‘என் தப்பா’ என்ற கேள்வி. கடிதத்தோடு உங்கள் மகனின் ஒரு நாள் சாப்பாட்டை எழுதி அனுப்பியிருக்கிறீர்களே, அதை வைத்துக்கொண்டே பேசுகிறேன். காலை 6.30-க்குப் பாலில் மால்ட் பவுடர், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. 8 மணிக்கு நான்கு தோசை. பள்ளி இடைவேளைக்கு க்ரீம் பிஸ்கட். மதியம் எலுமிச்சை சாதம், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு சிப்ஸ். 4.30-க்குப் பாட்டி கையால் பஜ்ஜி அல்லது தெருமுனைக் கடையின் பப்ஸ். 6 மணிக்கு டியூஷனில் ஒரு பாக்கெட். 8.30-க்கு போனைப் பார்த்தபடி இரவுச் சாப்பாடு. படுக்கும் முன் மறுபடியும் மால்ட் போட்ட பால், சர்க்கரை. சனிக்கிழமை அப்பா வாங்கி வரும் பரோட்டா பார்சல்.

அந்த இரண்டு டம்ளர் பாலை மட்டும் எடுத்துக்கொள்வோம். நீங்கள் போடும் சர்க்கரை, பவுடரில் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை எல்லாம் சேர்த்தால் நாளொன்றுக்கு 30 கிராமைத் தாண்டும். ஒருவர் ஒரு நாளில் பெறும் சக்தியில் சேர்க்கும் சர்க்கரை 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், முடிந்தால் 5 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. 9 வயதுப் பையனுக்கு அந்த 5 சதவீதம் என்பது கிட்டத்தட்ட நான்கு டீஸ்பூன், அதாவது 20 கிராம். பிஸ்கட்டுக்குப் போகும் முன்பே, பாலிலேயே கணக்கு தாண்டிவிட்டது.

இதை நீங்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. காலையில் ஓட்டமாக ஓடுகிற அம்மாவுக்கு, பால் உள்ளே போய்விட்டால் மனசு ஆறும். பேரன் பசியோடு வாசலில் பையை வைக்கும்போது சூடாக ஏதாவது கொடுத்தால்தான் பாட்டிக்குத் திருப்தி. வாரம் முழுக்கப் பிள்ளையைக் கண்ணால் பார்க்காத அப்பாவுக்கு அந்தப் பரோட்டாதான் கொஞ்சல். மூன்று பேரின் பாசமும் ஒரே வயிற்றுக்குள் போகிறது. அதனால் தப்பு யாருடையது என்று விசாரணை நடத்தாதீர்கள். ஆனால் பொறுப்பு யாருடையது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: வீட்டிலிருக்கும் பெரியவர்கள் அத்தனை பேருடையதும். 9 வயதுப் பையனிடம் காசு இல்லை, கடைக்குப் போய் மாதச் சாமான் வாங்குவதில்லை, அடுப்படியில் நிற்பதில்லை. அவன் முன்னால் வருவதை அவன் சாப்பிடுகிறான். உங்கள் கணவருக்கும் இதே வார்த்தைதான். ‘நீ வளர்த்த லட்சணம்’ என்று சொல்பவர் சனிக்கிழமை பார்சல் வாங்கி வரும்போது வளர்ப்பில் அவருக்கும் பங்கு இருக்கிறது.

எலின் சேட்டர் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் ஒரு வேலைப் பங்கீட்டைச் சொன்னார். என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பதைத் தீர்மானிப்பது பெரியவர்கள் வேலை. அதில் எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் வேலை. நம் வீடுகளில் இது அப்படியே தலைகீழ். என்ன வேண்டும் என்று பிள்ளையைக் கேட்டு வாங்குகிறோம். எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதை மட்டும் நாம் தீர்மானித்து, ‘இன்னும் ஒரே ஒரு வாய்’ என்று ஊட்டுகிறோம்.

அவனைப் பட்டினி போட வேண்டாம். கிலோ கணக்கில் குறைக்கவும் வேண்டாம். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால், எடையை 46-லேயே நிறுத்தி வைத்தால் போதும். இந்த வயதில் வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்வான். அடுத்த வருடம் 140 செ.மீ. இருக்கும்போது அதே 46 கிலோ என்றால், 25.6 என்றிருந்தது 23.5-க்கு வந்திருக்கும். பாதி வேலையை உயரமே செய்து கொடுக்கும். வளரும் பிள்ளைக்கு இருக்கிற இந்த வசதி உங்களுக்கும் எனக்கும் இல்லை.

ஒரு மாதத்துக்கு இரண்டே வேலை செய்யுங்கள். முதலாவது, பால் வெறும் பாலாக இருக்கட்டும். ஒரே நாளில் நிறுத்தினால் அடம் பிடிப்பான். வாரத்துக்கு அரை டீஸ்பூன் என்று குறைத்து வாருங்கள். படுக்கும் முன் பால் வேண்டாம். இரண்டாவது, சாப்பிடும்போது போன் வேண்டாம். திரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. உங்கள் போனும் அந்த நேரத்தில் அலமாரிக்குள் போகட்டும்.

மாமியாரிடம் ‘எதையும் கொடுக்காதீர்கள்’ என்று சொல்லிப் பார்க்காதீர்கள், நடக்காது. கையில் ஒன்றும் இல்லாமல் பேரனை வரவேற்க அந்த அம்மாவால் முடியாது. கொடுப்பதற்கு வேறொன்றை அவர் கையில் தர வேண்டும். இங்கே ஒரு பாட்டி தினமும் பேரனோடு என்னிடம் சண்டைக்கு வருவது போல வருவார். “நான் ஆசையா செஞ்சு கொடுக்கிறது விஷமா?” என்றார் ஒரு நாள். “உங்க கைச் சுண்டல் சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு உங்க மகன்கிட்டே கேளுங்க” என்றேன். மறுவாரம் ஒரு டிபன் பாக்ஸில் எனக்கே தட்டைப்பயறு சுண்டல் கொண்டு வந்தார். கடுகு, கறிவேப்பிலை, துருவிய தேங்காய், கொஞ்சம் மாங்காய். பிறகு திங்கள் பயறு, செவ்வாய் கொண்டைக்கடலை, புதன் வேக வைத்த வேர்க்கடலை என்று அவரே அட்டவணை போட்டார். அடுப்பு அவர் கையில் இருந்தது. அதனால் அந்த வீட்டில் அது நிலைத்தது.

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 71 வயது. எங்கள் காலத்தில் கேப்பைக் கூழுக்கே திண்டாட்டம். இப்போது கடவுள் கொடுத்திருக்கிறார், பேரன் நன்றாகச் சாப்பிடுகிறான். 3 வயதில் பார்க்க ராஜா மாதிரி கொழுகொழுவென்று இருக்கிறான். மருமகள் உங்கள் கட்டுரையைக் காட்டி, ‘மாமா, சாக்லேட் வாங்கிக் கொடுக்காதீங்க’ என்கிறாள். குழந்தை வளர வளர உடம்பு வற்றிவிடாதா?
– ஒரு தாத்தா, விருதுநகர் மாவட்டம்

வணக்கம் ஐயா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பசியைப் பார்த்தவர் பேரனின் கன்னத்தைப் பார்த்து மகிழ்வதில் என்ன குறை இருக்க முடியும்? 1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு வந்தது என்றால், பள்ளிக்கு வரும் பிள்ளையின் வயிறு காலியாக இருந்ததால்தான் வந்தது. எங்கள் அம்மாவும் உங்களைப் போலத்தான். மெலிந்த பிள்ளையைக் கண்டால் அவருக்குத் தூக்கம் வராது. அந்தக் காலத்தில் சதை என்பது நோய் வந்தால் தாங்குவதற்கான சேமிப்பு. அந்த எண்ணம் அப்போது சரியாகவே இருந்தது.

இப்போது நிலைமை மாறிவிட்டது ஐயா. புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் அங்குள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நம் குழந்தைகள் எடையில் சிறியவர்களாகப் பிறந்தாலும், தசை குறைவாகவும் அதோடு பார்க்கும்போது கொழுப்பு கூடுதலாகவும் இருந்தது. அதாவது நம் ஆட்களுக்கு ஒல்லியாக இருக்கும்போதே சர்க்கரை நோய்க்கான வாசல் கொஞ்சம் திறந்தே இருக்கிறது. அதன் மேல் எடையும் ஏறினால், 50 வயதில் வர வேண்டிய வியாதி 20, 25-லேயே எட்டிப் பார்க்கிறது.

வளர வளர வற்றிவிடுமா என்று கேட்டீர்கள். சில குழந்தைகளுக்கு வற்றும். எல்லோருக்கும் இல்லை. வயது ஏற ஏற வற்றுவது கடினமாகிறது. உங்கள் பேரனுக்கு 3 வயதுதான். அங்கன்வாடியிலோ டாக்டரிடமோ உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கன்னத்தைப் பார்த்து நீங்களோ மருமகளோ முடிவு செய்ய வேண்டாம். சில சமயம் கொழுகொழுவென்று தெரியும் பிள்ளை சரியான எடையில்தான் இருக்கும்.

சாக்லேட்டுக்குப் பதில் அவனைக் கையைப் பிடித்துக் கடைத்தெரு வரைக்கும் நடத்திக் கூட்டிப் போங்கள். பனங்கிழங்கு சீசனில் ஒரு கிழங்கு உரித்துக் கொடுங்கள், நாவல்பழம் வரும்போது நாக்கு ஊதாவாகும்வரை சாப்பிடட்டும். தாத்தா என்றால் அவனுக்கு அதுதான் ஞாபகம் வர வேண்டும். மருமகள் உங்களை மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். அவர் சொல்வதைக் கேளுங்கள் ஐயா.

பெற்றோர் பெற்றோர் என்று எங்களையே சொல்கிறீர்கள். பள்ளிக்கூட வாசலில் கலர் கலராகப் பாக்கெட் தொங்குகிறது. கேன்டீனில் சமோசாவும் குளிர்பானமும். டிவியைப் போட்டால் விளம்பரம். விளையாட மைதானம் கிடையாது. பி.டி. பீரியடில் கணக்கு நடத்துகிறார்கள். நாங்கள் வீட்டில் மட்டும் காவல் காத்து என்ன பிரயோஜனம்?
– ஒரு தந்தை, தாம்பரம்

நியாயமான கோபம். என் கோபமும் அதுதான்.

உங்கள் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்கென்றே விதிமுறை கொண்டு வந்தது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்துக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து எந்தப் பக்கமும் 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. கேன்டீனுக்கும் சேர்த்துத்தான் இது. நான் பேசிய பெற்றோரில் நிறையப் பேருக்கு இப்படியொரு விதி இருப்பதே தெரியவில்லை. ஒரு பெற்றோர் தனியாகப் போய்க் கேட்டால் தலைமை ஆசிரியர் தலையாட்டி அனுப்பிவிடுவார். பத்துப் பேர் சேர்ந்து, விதிமுறையைச் சொல்லி, பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் எழுத்தில் கொடுங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்புங்கள். சி.பி.எஸ்.இ. பள்ளியாக இருந்தால், எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொல்லி 2025 மே மாதத்தில் வாரியமே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அந்தப் பலகை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

சாதாரண கோலா பானத்தில் 100 மில்லிக்குக் கிட்டத்தட்ட 10 கிராம் சர்க்கரை. கால் லிட்டர் பாட்டிலில் ஐந்து டீஸ்பூன். உங்கள் பிள்ளை முன்னால் ஒரு காலி டம்ளரை வைத்து, ஐந்து ஸ்பூன் சர்க்கரையை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுங்கள். நான் என் மேஜையில் இதைச் செய்வதுண்டு. மூன்றாவது ஸ்பூனில் பிள்ளைகள் “போதும் போதும்” என்பார்கள்.

பி.டி. பீரியடைப் பிடுங்குவது எனக்குத் தாங்க முடியாத விஷயம். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் நாளுக்குச் சராசரி ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் இரண்டு பீரியட், அதையும் தேர்வு என்றால் கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டால் அந்தப் பிள்ளைகள் எப்போது ஓடும்? இதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.

ஆனாலும் ஐயா, வீட்டில் காவல் காப்பது வீண் என்று சொல்லாதீர்கள். பள்ளி திருந்தும் வரை உங்கள் மகன் காத்திருக்க மாட்டான், வளர்ந்துவிடுவான். மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று இந்த மாத பில்லை எடுத்துப் பாருங்கள். ஆளுக்கு அரை லிட்டர் என்பது நாங்கள் சொல்லும் கணக்கு. நான்கு பேர் வீட்டில் ஐந்து லிட்டர் கேன் மாதக் கடைசிக்குள் தீர்கிறதென்றால், முதலில் பார்க்க வேண்டியது அங்கேதான்.

வெளிநாடுகளில் பிள்ளை குண்டாக இருந்தால் பெற்றோருக்கு அபராதம், பிள்ளையையே அரசு எடுத்துக்கொண்டு போய்விடும் என்று படித்தேன். உண்மையா? இங்கேயும் அப்படிச் செய்தால் என்ன?
– ஒரு கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

அபராதம் போட வேண்டும் என்று பியூர்ட்டோ ரிக்கோவில் 2015-ல் ஒரு மசோதா வந்தது. பலத்த எதிர்ப்பும் வந்தது. பிள்ளைகளைப் பிரித்தது உண்மைதான், ஆனால் மிக மிக அரிது. இங்கிலாந்தில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருவரை அவர்களின் எடை காரணமாக வளர்ப்பு இல்லத்தின் பொறுப்பில் விடும்படி குடும்ப நீதிமன்றம் உத்தரவிட்ட செய்தி 2021-ல் வெளியானது. அன்பான குடும்பம்தான் என்று நீதிபதியே ஒப்புக்கொண்ட வழக்கு அது.

இதில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும் மகளே. கேம்பிரிட்ஜில் டாக்டர் சதாஃப் ஃபாரூக்கியும் அவருடைய சகாக்களும், சிறு வயதிலேயே மிகக் கடுமையான பருமன் வந்த பிள்ளைகளின் மரபணுக்களை ஆராய்ந்தார்கள். சிலருக்கு 16-வது குரோமோசோமில் ஒரு துண்டே இல்லாமல் இருந்தது. அந்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. அந்தப் பிள்ளைகளில் சிலரின் பெற்றோர் வேண்டுமென்றே அளவுக்கு மீறி ஊட்டுகிறார்கள் என்று கருதி, அரசின் பாதுகாப்புப் பட்டியலில் அந்தப் பிள்ளைகளின் பெயரை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். ஊட்டியது யாருடைய குற்றமும் இல்லை. பசி அடங்காத உடம்போடு அந்தப் பிள்ளைகள் பிறந்திருந்தார்கள். அதற்கு முன்பே, 1997-ல், பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோனே சுரக்காத இரு பிள்ளைகளையும் இதே கேம்பிரிட்ஜ் குழு கண்டுபிடித்திருந்தது. அந்த ஹார்மோனை ஊசியாகக் கொடுத்ததும் எடை இறங்கியது.

இப்படிப்பட்ட பிள்ளைகள் வெகு சிலர். நம் ஊரில் நான் பார்க்கும் பெரும்பாலோருக்குக் காரணம் மேலே கரூர் அம்மாவின் பட்டியலில் இருப்பதுதான். ஆனால் அந்த வெகு சிலரில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்று, பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வருவதை நினைத்துப் பார். கைக்குழந்தையிலேயே எடை எகிறி, எப்போதும் பசி பசி என்று அழுது, வளர்ச்சியும் பேச்சும் பின்தங்கியிருந்தால் அது போலீஸ் வேலை இல்லை. மரபணு மருத்துவரிடம் போக வேண்டிய வேலை. மற்ற வீடுகளில் அபராதம் என்ன செய்யும்? பில்லிங் கவுன்ட்டரில் நாள் முழுக்க நின்றுவிட்டு இரவு 9 மணிக்குப் பிள்ளைக்கு நூடுல்ஸ் கிளறும் அம்மாவிடம் 500 ரூபாய் பிடுங்கினால், மறுநாளும் நூடுல்ஸ்தான் கிளறுவார். அவருக்கு வேண்டியது 6 மணிக்கு வீடு போய்ச் சேரும் வேலை.

ஹெல்த் ட்ரிங்க் என்று விற்பதைத் தரலாமா? பழச்சாறு?
– பலர்

‘ஹெல்த் ட்ரிங்க்’ என்று ஒரு வகையே நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. 2024-ல் அந்தத் தலைப்பிலிருந்து இத்தகைய பானங்களை எடுத்துவிடும்படி இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய அரசு அறிவுறுத்தியது. பாலுக்குத் துணை தேவையில்லை. பழத்தைக் கடித்துத் தின்னட்டும். சாறாகப் பிழிந்தால் நார் போய்விடும், மூன்று ஆரஞ்சு ஒரே மடக்கில் உள்ளே போகும்.

மேம், எனக்கு 14 வயது. எடை 71 கிலோ. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அவர்கள் முன்னாடியே, “இவளுக்கு ரெண்டு இட்லி போதும்” என்பார்கள். சித்தி பையன் ‘ரோடு ரோலர்’ என்று கூப்பிடுகிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு சமையலறைக்குப் போய்ச் சாப்பிடுகிறேன். அப்புறம் அழுகையாக வருகிறது. மூன்று மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. என் பெயரைப் போடாதீர்கள்.
– திண்டுக்கல் பக்கம்

பெயரைப் போடவில்லை கண்ணு.

உனக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். நான் டாக்டராகி மூன்றாவதோ நான்காவதோ வருடம். உன் வயதுப் பெண் ஒருத்தி காய்ச்சல் என்று அப்பாவோடும் அண்ணனோடும் வந்தாள். எடை மெஷினில் ஏற்றிவிட்டு, அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி, “என்னம்மா இது, இந்த வயசுல இவ்வளவு வெயிட்டா?” என்று கேட்டுவிட்டேன். அண்ணன் சிரித்தான். அவள் இறங்கும்போது செருப்பைத் தேடிக்கொண்டு தலையைக் குனிந்தவள், வெளியே போகும் வரைக்கும் நிமிரவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து, மயங்கி விழுந்தாள் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாப்பாட்டை அடியோடு விட்டிருந்தாள், தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்திருந்தது. என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வரி அதற்கு எவ்வளவு காரணம் என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து எடை மெஷினைத் திரைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். எண்ணைச் சத்தமாகச் சொல்வதில்லை, காகிதத்தில் எழுதுகிறேன்.

ராத்திரி நீ சாப்பிடுவது திருட்டு இல்லை. பகலில் எல்லோர் முன்னாடியும் எண்ணி எண்ணிக் கொடுத்தால் உடம்பு ராத்திரியில் கேட்கும். காலையிலும் மதியமும் உட்கார்ந்து, வயிறு நிறைய, பருப்பு, காய், முட்டையோடு சாப்பிடு. எந்த வேளையையும் விடாதே. எடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று மாதம் பீரியட்ஸ் வராததை இன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடு. இந்த வயதில் மாதக் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே போவது சகஜம்தான். ஆனால் எடை கூடுதலாக இருக்கும்போது மூன்று மாதம் என்றால் டாக்டர் ஒருமுறை பார்க்க வேண்டும். சினைப்பையில் நீர்க்கட்டி என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதுவாக இருந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை, மருத்துவம் இருக்கிறது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு அழுவதையும் அந்த டாக்டரிடம் சொல். அதற்கும் உதவி இருக்கிறது. அம்மாவிடம் வாயால் சொல்ல வரவில்லை என்றால், இந்தப் பக்கத்தை மடித்து அவர் தலையணை மேல் வைத்துவிடு.

இனி அந்த அம்மாவுக்கு. அம்மா, நீங்கள் மகள் மேல் உள்ள அக்கறையில்தான் அப்படிச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு ஊரார் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். ஆனால் அந்தச் சொல்லை முதலில் அவள் உங்கள் வாயிலிருந்துதான் கேட்கிறாள். அவளுடைய இட்லியை எண்ணாதீர்கள். எண்ண வேண்டுமென்றால் வீட்டுக்கு வாங்கி வரும் பாக்கெட்டை எண்ணுங்கள். அவளுக்கு மட்டும் சப்பாத்தி, தம்பிக்கு சிப்ஸ் என்று இருந்தால் அது தண்டனை; சமைப்பது எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். தங்கை மகன் அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்லும்போது சிரிக்காமல், அவனை அங்கேயே நிறுத்தி, “என் மகளுக்குப் பெயர் இருக்கு, அதைச் சொல்லிக் கூப்பிடு” என்று சொல்லுங்கள். அவள் காதில் விழும்படி சொல்லுங்கள்.

சாயங்காலம் ஆறரைக்கு இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குங்கள். எடையைப் பற்றிப் பேச வேண்டாம். டாக்டரிடம் என்றைக்குப் போகலாம் என்று அவளையே கேளுங்கள்.